அகன்ற விழிகளின் ஓவியர்

நீங்கள் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் ‘அனிமே’ எனப்படும். அவற்றில் வரும் மாந்தர்க்கு அகன்ற விழிகள் உண்டு. அம்மரபுக்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர் ஒசாமு தெசுகா.

இவர் 1928ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், ஒசாகாவை அடுத்த டொயோநாகாவில் பிறந்தார். பூச்சிகள்மீது கொண்ட விருப்பத்தால், அவற்றைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயருடன் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். வீட்டில் தந்தை திரையிட்ட படங்களும், தாயுடன் கண்டு களித்த தகரசுகா மகளிர் நாடகங்களும் அவர் மனத்தில் பதிந்தன. அங்குக் கண்ட ஒளிமிக்க பெரிய விழிகள் அவர்தம் சித்திரங்களில் குடிபுகுந்தன.

உலகப்போரின்போது ஒசாகாவில் தொழிற்சாலைப் பணிக்கு அனுப்பப்பட்ட தெசுகா, குண்டுவீச்சிலிருந்து உயிர்தப்பினார். மருத்துவம் பயின்று தகுதியும் பெற்றார். ஆயினும், சித்திரக்கதை வரைவதையே வாழ்வாகத் தேர்ந்தெடுத்தார்.

மனித உள்ளம் கொண்ட எந்திரச் சிறுவனின் கதையை 1952இல் வரையத் தொடங்கினார். உலகம் அதனை ‘ஆஸ்ட்ரோ பாய்’ என அறியும். அக்கதை 1963 சனவரி 1 முதல் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாயிற்று. கிடைத்த பணமோ சிறிது. வாரந்தோறும் ஒரு படம் முடிக்கவேண்டும். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் எட்டுச் சித்திரங்களே போதும். முகம் அசையாது நிற்க, வாய் மட்டும் அசையும். அப்போதும் பெரிய விழிகள் மகிழ்ச்சியையும் துயரையும் உணர்த்தின. வறுமையில் கண்ட இவ்வழியே அனிமேயின் தனிநடையாயிற்று.

நடை நிலைபெற அன்பர் கூட்டமும் வேண்டுமன்றோ? தெசுகா 1967இல் தொடங்கிய ‘காம்’ இதழ், வாசகர் வரைந்த சித்திரங்களுக்கும் இடம் தந்தது. படிப்பவர் படைப்பவராயினர், ஒருவரையொருவர் அறிந்து குழுக்களாயினர். இதழ் நின்ற பின்னும் அவ்வார்வம் அணையவில்லை. 1975இல் ஆர்வலர்கள் தாமே டோக்கியோவில் சித்திரக்கதைச் சந்தை கூட்டினர். 32 குழுக்களுடன் தொடங்கிய அச்சந்தைக்கு இன்று இலட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

இதற்கிடையே, 1973இல் தெசுகாவின் படநிறுவனம் கடனில் மூழ்கியது. அவர் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே, தாம் கற்ற மருத்துவத்தைத் துணைக்கொண்டு, அறுவை மருத்துவர் ஒருவரின் கதையான ‘பிளாக் ஜாக்’கைத் தொடங்கிப் பெரும்புகழ் எய்தினார். புத்தரின் வாழ்வையும் நெடுஞ்சித்திரக்கதையாக வரைந்தார்.

1989 பிப்ரவரி 9ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. அவர் மறைந்தபோது மூன்று கதைகள் முடிவுறாமல் இருந்தன.