மாஹிம் தந்த ஞானி மக்தூம் அலி

மும்பையில் மாதுங்காவிற்கும் தாராவிக்கும் மேற்கே, கடலை ஒட்டி அமைந்திருக்கிறது மாஹிம். இன்று இரயில் நிலையமும் கடைவீதியும் மக்கள் நெரிசலும் கொண்ட நகர்ப்பகுதியாகிய அது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனித் தீவாக இருந்தது. மும்பை என்று நாம் அழைக்கும் நிலம் அக்காலத்தில் ஏழு தீவுகளாகப் பிரிந்து கிடந்தது. தாராவி கழிமுகத்தின் ஓரத்தில் கோலி மீனவர்கள் வாழ்ந்த இடம். அந்த ஏழு தீவுகளுள் அரசாட்சியும் வணிகமும் நடந்த துறைமுகமாக விளங்கியது மாஹிமே. அங்கே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானவர் மக்தூம் அலி மாஹிமி. இறைவன் ஒருவன் என்னும் ஒரே உண்மையைச் சிந்திப்பதிலும் எழுதுவதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

அவர் பிறந்த ஆண்டை நூல்கள் பெரும்பாலும் 1372 என்று குறிக்கின்றன. தந்தையார் ஷேக் அஹமது, தாயார் ஃபாத்திமா. குடும்பம் நவாயத் என்னும் மரபைச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அரபு நாட்டில் கொடுங்கோன்மைக்கு அஞ்சிக் கப்பலேறி, கொங்கணக் கரையில் வந்திறங்கி, இம்மண்ணின் மக்களோடு கலந்துவிட்ட வணிகர் கூட்டம் என்று அம்மரபினர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வர். நவாயத்துகள் தமிழருக்குப் புதியவர்கள் அல்லர். ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நவாபு சாதத்துல்லா கான் இம்மரபினரே. செஞ்சியில் 1714-இல் தேசிங்குராஜன் போரிட்டு மாண்டது அவருடைய படையோடுதான். மற்றொரு தொடர்பும் உண்டு. கொங்கணக் கரை முஸ்லிம்களும், நம் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி நெறியைப் பின்பற்றுகிறவர்கள். மக்தூம் அலியும் அந்நெறியில் தேர்ந்த சட்ட அறிஞரே. ‘ஃபகீஹ்’, அதாவது சட்டம் வல்லார், என்ற சிறப்புப் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

தந்தையார் கல்வியறிவு மிக்கவர். மகனுக்கு முதல் ஆசான் அவரே. ஆனால் மகன் இளமைப் பருவத்தைக் கடப்பதற்குள் அவர் மறைந்தார். அக்காலத்தில் மார்க்கக் கல்வியில் உயர விரும்பும் இளைஞன் மக்காவுக்கோ வேறு அறிவு நகரங்களுக்கோ சென்று, ஆசிரியர்களின் காலடியில் ஆண்டுக்கணக்கில் அமர வேண்டும். மாஹிம் துறையில் கப்பல்களுக்குக் குறைவில்லை. இளைஞருக்கும் ஆவல் இருந்தது. தாயாரோ மகனைப் பிரியத் துணியவில்லை. தாயின் சம்மதம் இல்லாத கல்வி வேண்டாம் என்று மகன் பயணத்தை விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் மரபு ஒரு கதையைச் சொல்கிறது. மகனின் ஏக்கத்தைக் கண்டு மனம் கலங்கிய தாயார் இரவெல்லாம் இறைவனிடம் முறையிட்டாராம். அடுத்த நாள் முதல், வைகறைத் தொழுகைக்குப் பின் கடற்கரையில் ஹிழ்று நபி தோன்றி இளைஞருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினாராம். திருக்குர்ஆனின் 18-ஆம் அத்தியாயத்தில், மூஸா நபிக்கே பொறுமையைக் கற்றுக்கொடுத்த பெயர் சொல்லப்படாத அந்த ஞானியையே ஹிழ்று என்று இஸ்லாமிய மரபு கொள்கிறது. நீர்நிலைகளோடு அவரை இணைத்துப் பேசுவதும் வழக்கம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பாங்கு. வெளிநாடு சென்று கற்றதாக அறியப்படாத ஒருவர், அரபு உலகின் மிகக் கடினமான தத்துவ நூல்களுக்கு அரபு மொழியிலேயே உரை எழுதினார் என்பது மட்டும் மறுக்க இயலாத உண்மை. அந்த வியப்பே இக்கதையை ஈன்றிருக்க வேண்டும்.

தாயாரைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சி மும்பை முஸ்லிம்களின் வீடுகளில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. ஓரிரவு தாயார் தண்ணீர் கேட்டார். மகன் கிண்ணத்தில் கொண்டுவருவதற்குள் அவர் உறங்கிவிட்டார். எழுப்ப மனமில்லை. விழித்துக் கேட்கும்போது தாம் அருகில் இல்லாமற் போவதிலும் மனமில்லை. விடியும்வரை கிண்ணத்தை ஏந்தியபடி நின்றார். கண்விழித்த தாயார் வாயார வாழ்த்திய வாழ்த்தே அவரை இறைநேசராக்கியது என்பார்கள். இதே நிகழ்ச்சியைப் பாரசீக ஞானி பாயஸீத் பிஸ்தாமியின் வரலாற்றிலும் காண்கிறோம். ஒரு மகானின் கதை மற்றொருவரின் வரலாற்றில் குடியேறுவது எல்லாச் சமயங்களிலும் நடப்பதே. மாஹிம் மக்கள் பல கதைகளுள் இதைத் தேர்ந்துகொண்டார்கள் என்றால், அவர்கள் அறிந்த மனிதருக்கு அது பொருந்தியிருந்தது என்று கொள்ளலாம்.

இனி அவருடைய சிந்தனைக்கு வருவோம். இஸ்லாத்தின் அடித்தளம் ஏகத்துவம். அரபியில் தவ்ஹீத் என்பார்கள். ஒரு முஸ்லிம் மொழியும் கலிமாவின் முற்பகுதி ஒரு மறுப்பில் தொடங்குகிறது. வணக்கத்திற்குரியது என்று எதுவும் இல்லை என முதலில் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அதன்பிறகே அல்லாஹ்வைத் தவிர என்று நிலைநாட்டுகிறது. திருக்குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களைக் கொண்டது. இறைவன் ஒருவன் என்பதையும், யாவும் அவனைச் சார்ந்திருக்க அவன் எதையும் சாராதவன் என்பதையும், அவன் பெறவுமில்லை பிறக்கவுமில்லை என்பதையும், அவனுக்கு நிகர் எதுவுமில்லை என்பதையும் அது கூறுகிறது. அங்கே ‘ஒருவன்’ என்பதற்கு வந்துள்ள சொல் ‘அஹத்’. இரண்டு, மூன்று என்று தொடரும் எண்ணிக்கையின் முதல் எண்ணாகிய ஒன்று அன்று அது. எண்ணுக்கே இடமில்லாத ஒருமை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். அவனுக்கு எதையேனும் இணையாக வைப்பது ‘ஷிர்க்’. இஸ்லாத்தில் அதைவிடப் பெரிய பிழை இல்லை.

இவ்வளவில் கருத்து வேறுபாடு கிடையாது. கேள்வி இதற்கு அப்பால் எழுகிறது. இறைவனுக்கு இணையில்லை என்றால், ‘இருத்தல்’ என்னும் தன்மையில் மட்டும் இவ்வுலகம் அவனோடு பங்கு கொள்ளலாமா? அவனும் இருக்கிறான், மலையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்று சொன்னால், இருத்தலில் அவனுக்கு இணை வைத்ததாகாதா? ஸ்பெயின் நாட்டின் முர்சியாவில் 1165-இல் பிறந்து, 1240-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபி இந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். உண்மையான இருப்பு இறைவனுடையது மட்டுமே. படைப்புகள் யாவும் அவனுடைய திருநாமங்கள் வெளிப்படும் இடங்கள். கண்ணாடியில் தெரியும் உருவத்திற்குத் தனி இருப்பு இல்லாததுபோல அவற்றுக்கும் தனி இருப்பு இல்லை. பிற்காலத்தார் இக்கொள்கைக்கு ‘வஹ்தத்துல் வுஜூத்’, இருப்பின் ஒருமை, என்று பெயரிட்டனர்.

இப்படிச் சொல்வது ஆபத்தானது என்று பல அறிஞர்கள் கருதினார்கள். 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா கடுமையாக எதிர்த்து எழுதினார். எல்லாம் அவனே என்றால், வணங்குபவன் யார், வணங்கப்படுபவன் யார்? நன்மைக்கும் தீமைக்கும் வேற்றுமை என்ன? சட்டம் எதற்கு? இக்கேள்விகள் அற்பமானவை அல்ல. மக்தூம் அலியைப் பொறுத்தவரை இவை நூலறிவு பற்றிய கேள்விகளாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஏனெனில் அவர் மாஹிமின் காஜியாகப் பொறுப்பேற்றவர். கடன்பட்டவனும் கடன் கொடுத்தவனும், ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் தீர்ப்புக் கேட்டு அவர்முன் வந்து நின்றார்கள். இருப்பு ஒன்றே என்று இரவில் எழுதியவர், பகலில் இவன் குற்றவாளி, அவன் குற்றமற்றவன் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டையும் அவர் விடவில்லை. அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இப்னு அரபியின் ‘ஃபுசூஸுல் ஹிகம்’ நூலுக்கு உரை எழுதினார். இப்னு அரபியின் மாணவர் குனவியின் நூலுக்கும் உரை கண்டார். அதே கையால் ஷாஃபி சட்டத்தைப் பற்றியும் எழுதினார். ஏகத்துவத்திற்கான சான்றுகளைத் தொகுத்து ‘அதில்லத்துத் தவ்ஹீத்’ என்று ஒரு சிறு நூல் இயற்றி, அதற்குத் தாமே விரிவுரையும் செய்தார். அலைக்குக் கடலையன்றி வேறு இருப்பு இல்லை. ஆயினும் அலை தன்னைக் கடல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவருடைய நெறியினரின் நிலைப்பாட்டை இந்த உவமையால் ஒருவாறு உணரலாம். இறைவன் இறைவனே, அடியான் அடியானே. தொழுகையும் நோன்பும் நீதியும் அடியானைவிட்டு ஒருபோதும் நீங்குவதில்லை.

வேதாந்த நூல்களைப் பயின்ற வாசகர்களுக்கு இங்கே அத்வைதம் நினைவுக்கு வருவது இயல்பு. ஒப்புமை உண்டு என்று அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். எனினும் அவசரப்பட்டு இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டுவது சரியாகாது. மக்தூம் அலி தொடங்கியது குர்ஆனிலிருந்து, முடித்ததும் குர்ஆனில்தான்.

அவருடைய பேருழைப்பும் குர்ஆனைப் பற்றியதே. ‘தப்ஸீருர் ரஹ்மான்’ என்னும் அரபு விரிவுரையை ‘தஃப்ஸீர் ரஹ்மானி’ என்றும் சுருக்கமாக வழங்குவர். இந்திய மண்ணில் எழுந்த பழைய முழுமையான குர்ஆன் விரிவுரைகளுள் அது முதன்மையானது. எகிப்தின் புகழ்பெற்ற பூலாக் அச்சகத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அச்சேறியது. மாஹிமில் எழுதிய நூலைக் கெய்ரோ அச்சிட்டுப் படித்தது. அந்நூலுக்கு இரண்டு தனிச் சிறப்புகள் உண்டு. திருக்குர்ஆனின் வசனங்கள் தனித்தனி உதிரிகளாகத் தோன்றக்கூடும். அவற்றுள் ஒவ்வொன்றும் அடுத்ததோடு எவ்வாறு இணைகிறது என்பதை அவர் தொடர்ந்து காட்டிச் செல்கிறார். மற்றொன்று மேலும் நுட்பமானது. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 9-ஆவது தவிர மற்ற 113-உம், அளவற்ற அருளாளனாகிய இறைவனின் பெயரைச் சொல்லும் ஒரே வாசகத்தோடு தொடங்குகின்றன. மற்ற உரையாசிரியர்கள் இதற்கு முதலில் ஒருமுறை பொருள் சொல்லி மேலே செல்வர். மக்தூம் அலியோ ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் நின்று, அந்த அத்தியாயத்தின் பொருளுக்கேற்ப அதே வாசகத்திற்குப் புதிதாகப் பொருள் காண்கிறார். ஒரே சொற்றொடர், இடந்தோறும் வேறு வேறு ஒளி. ஒன்றாகிய மெய்ப்பொருள் பலவாகத் தோன்றுவதைப் பற்றி அவர் தத்துவ நூல்களில் வாதிட்டதை இங்கே செய்தே காட்டிவிட்டார்.

அவருடைய இறுதி ஆண்டுகளில் மாஹிமைப் போர் சூழ்ந்தது. தீவு அப்போது குஜராத் சுல்தான் அஹமது ஷாவின் ஆட்சியில் இருந்தது; 1411-இல் அகமதாபாத் நகரை நிறுவியவர் அவர். தெற்கே பாமினி அரசை ஆண்டவர் பெயரும் அஹமது ஷாவே. சூஃபி ஞானிகளிடம் பெரும் பக்தி கொண்டவர் அவர். மாஹிமின் ஆளுநர் இறந்த சமயம் பார்த்துப் பாமினிப் படைத்தலைவர் தீவைக் கைப்பற்ற, குஜராத் தன் இளவரசரைக் கப்பற்படையோடு அனுப்பி மீட்டது. இது 1429-க்கும் 1431-க்கும் இடையில் நடந்தது. இரு தரப்பிலும் ஒரே கலிமாவை மொழிந்தவர்களே வாளேந்தி நின்றார்கள்.

ஹிஜ்ரி 835-இல் மக்தூம் அலி மறைந்தார். பொதுவழக்கில் இது 1431 என்று குறிக்கப்படுகிறது. யாருக்காகத் தம் பயணத்தைக் கைவிட்டாரோ அந்தத் தாயாரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தனர். மக்கள் அவரைக் ‘குத்புக் கோகன்’, கொங்கணத்தின் துருவ நட்சத்திரம், என்று அழைத்தனர். போர்ச்சுகீசியர் 1534-இல் தீவுகளைப் பெற்றார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். தர்கா நிலைத்து நின்றது. 1674-இல் அது பழுதுபார்க்கப்பட்டது, 1748-இல் விரிவுபடுத்தப்பட்டது. அவர் கைப்பட எழுதியதாகப் போற்றப்படும் திருக்குர்ஆன் பிரதியும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

நாகூர்ச் சந்தனக்கூட்டை அறிந்த தமிழருக்கு மாஹிமின் சந்தன ஊர்வலம் அந்நியமாகத் தோன்றாது. ஆண்டுதோறும் டிசம்பர் மாத அளவில் பத்து நாள் நடைபெறும் அவ்விழாவில் முதல் சந்தனம் மாஹிம் காவல் நிலையத்தினுடையது. காக்கி உடை அணிந்த அதிகாரிகள் சந்தனத் தட்டைத் தலையில் ஏந்தி நடக்கிறார்கள். ஞானியின் கடைசி நேரத்தில் காவலர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார் என்று இதற்குக் காரணம் கூறுவதுண்டு. 1431-இல் காவல் நிலையம் ஏது என்று கேட்பவர் கேட்கட்டும். இந்தக் கதையிலும் தண்ணீர் வந்துவிட்டது பாருங்கள்.

தர்காவில் நின்று வேண்டுவதே ஏகத்துவத்திற்கு மாறானது என்று கருதும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். தமிழகத்திலும் இவ்விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இறைநேசரிடம் வேண்டவில்லை, அவர் பொருட்டால் இறைவனிடமே வேண்டுகிறோம் என்பது மறுதரப்பின் விடை. எதையும் இறைவனுக்கு இணையாக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகோல் பிடித்த ஒருவரின் கல்லறையைச் சுற்றி இவ்விவாதம் நடப்பது விந்தைதான். அவருடைய உரைநூலைத் திறந்து பார்த்துவிட்டு இரு சாராரும் பேசினால் நன்றாயிருக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தாராவிக்கு வந்து குடியேறினார்கள். 1887-இல் அவர்கள் அங்கே பெரிய பள்ளிவாசலைக் கட்டினார்கள். 1913-இல் தமிழ் இந்துக்கள் அதே தாராவியில் பிள்ளையார் கோயில் எழுப்பினார்கள். இவ்விரு சாராரின் வழித்தோன்றல்களும், மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிறவர்களும், மாஹிம் கடைவீதி வழியாகச் செல்லும்போது தர்காவின் வாசலில் சற்று நின்று போவதுண்டு. உள்ளே இரண்டு கல்லறைகள், தாயும் மகனுமாக, அருகருகே இருக்கின்றன.