மலிவு விலையின் மிச்சத்தை யார் கட்டுறாங்க? கணக்கு கேட்ட ஜே.சி.குமரப்பாவின் கதை

திண்டுக்கல் கடைவீதியில் ஒரு பூட்டு வாங்கப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு பக்கம் கையால் செய்த, கனமான திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. இன்னொரு பக்கம் அலிகாரில் இருந்து வந்த இயந்திரப் பூட்டு. விலை கம்மி. பெரும்பாலானவர்கள் எடுப்பது இரண்டாவதைத்தான். காசு மிச்சம், வேலை முடிஞ்சுது.

ஆனால் அந்தப் பொருள் ஏன் மலிவு? நமக்கு மிச்சமான காசை வேறு யாராவது கட்டுகிறார்களா? அன்றாடம் நாம் வாங்கும் அரிசி, வெல்லம், விளக்கெண்ணெய் வரைக்கும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனவர் ஒரு தமிழர். பெயர் ஜே.சி.குமரப்பா.

கோட் சூட் போட்ட ஆடிட்டர்

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம் நடத்தினார். நல்ல வருமானம், மேற்கத்திய உடை, வசதியான வாழ்க்கை. இன்றைய பாஷையில் சொன்னால் 'செட்டில்' ஆன மனிதர்.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வாக எழுதச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டப் புரட்ட, வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. ஊர் திரும்பும்போது அவர் பழைய ஆடிட்டராக இல்லை. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

1929 மே மாதம், அந்த ஆய்வோடு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்பது குமரப்பாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்தே தெரிந்தது. கோட் சூட்டோடு தரையிலேயே உட்கார்ந்து பேசினார். அவர் ஆய்வைத் தன் 'யங் இந்தியா' இதழில் வெளியிட ஒப்புக்கொண்ட காந்தி, கையோடு ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத் கிராமங்களுக்குப் போய் மக்களின் வரவு செலவை நேரில் பார்க்க வேண்டும்.

54 கிராமங்கள்

கேடா மாவட்டம், மாதர் தாலுகா. குஜராத் வித்யாபீட மாணவர்களோடு 54 கிராமங்களில் கணக்கெடுத்தார். குடும்பத்துக்கு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நிலவரி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பொருளாதாரம் என்பது அவருக்கு இனிமேல் புத்தகத்தில் இல்லை, அடுப்படியில் இருந்தது.

கணக்கில் கறார் பேர்வழி. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியைக் கவனித்துக்கொண்டது அவர்தான். கூட்டத்துக்காகக் காந்தியும் அவரோடு இருந்தவர்களும் பாட்னா வந்தபோது, அவர்கள் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்ட காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

புலி, குரங்கு, தேனீ

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் உருவானபோது, வார்தாவில் இருந்து அதை நடத்தினார். தீட்டிய அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு, கையால் செய்த காகிதம் என வேலை நடந்தது. கரும்பு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறது, பனை வறண்ட நிலத்திலேயே இனிப்பு தருகிறது, அதனால் பனைவெல்லம் மேல் என்பது அவர் வாதம். திண்டுக்கல் வறண்ட சமவெளியில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1942 போராட்டத்தையொட்டி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய புத்தகத்தை எழுதினார். இயற்கையைப் பார்த்தே மனிதர்களை அதில் ஐந்தாகப் பிரித்தார்.

கொன்று தின்னும் புலி முதல் வகை. தோப்பில் தான் எதுவும் செய்யாமல் பழத்தைப் பறித்துக்கொள்ளும் குரங்கு இரண்டாவது. தன் உழைப்பில் கூடு கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. பலன் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. நகைக்காகக் குழந்தையைக் கொல்பவன் புலி, பிக்பாக்கெட் குரங்கு, உழுது உரம் போட்டு விளைவிக்கும் விவசாயி கூடு கட்டும் பறவை. சிம்பிளா சொன்னா, ஒருத்தர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைவிட எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதே அவருக்கு முக்கியம்.

வாங்குபவரையும் அவர் சும்மா விடவில்லை. ஒரு பொருள் அநியாயமாகச் செய்யப்பட்டிருந்தால், அதைத் தெரிந்தே வாங்குபவருக்கும் அதில் பங்கு உண்டு என்றார்.

பில்லில் வராத செலவு

அவர் கேள்வி திண்டுக்கல்லுக்கு ஏன் முக்கியம்? இங்குள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் சுற்றுப்புறக் கிராமக் கிணறுகள் உப்பாகிப் போயின. தமிழகத் தோல் தொழிற்சாலை மாசு குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த மாவட்டமும் இடம்பெற்றது. செருப்பு வாங்கியவரின் பில்லில் அந்தக் கிணற்றுத் தண்ணீரின் விலை இல்லை. அதைக் கட்டியது விவசாயி.

எதிர்க்கேள்வியும் நியாயமானதுதான். கைத்தொழில் பொருளின் விலை அதிகம், குறைந்த சம்பளக்காரர் என்ன செய்வார்? நாடு அன்று தேர்ந்தெடுத்ததும் பெரிய தொழிற்சாலைகளைத்தான். காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராகக் குமரப்பா 1949-ல் அறிக்கை கொடுத்தார். ஆனால் அரசின் பாதையோடு அவரால் ஒத்துப்போக முடியவில்லை. மெல்ல ஒதுங்கினார்.

கடைசி வருடங்களை மதுரையைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் இருக்கும் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் இறந்தார். காந்தி இறந்த அதே தேதி. 1973-ல் ஷூமேக்கர் எழுதி உலகப் புகழ் பெற்ற 'சிறியதே அழகு' புத்தகம் இவர் சிந்தனையை எடுத்துப் பேசியது.

எல்லாப் பொருளையும் அவர் அளவுகோலில் வாங்க யாராலும் முடியாது. சம்பளமும் இடம் கொடுக்காது. ஆனால் அடுத்த முறை ஆஃபரில் எதையாவது கார்ட்டில் போடும்போது, மிச்சத்தை யார் கட்டுறாங்கன்னு ஒரு நொடி யோசிக்கலாம். அதுக்கு டெலிவரி சார்ஜ் கிடையாது.