வறண்ட மண்ணில் ஒரு முதலீடு

முதலீடு என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அழகப்பச் செட்டியாரையே எடுத்துக்காட்டினேன். 1909-இல் கோட்டையூரில் பிறந்தவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று, கொச்சிச் சமஸ்தானத்தில் நூற்பாலை நிறுவிப் பொருளீட்டினார். நகரத்தார் மரபில் கொடை புதிதன்று. கோயில் திருப்பணிக்கே பெரிதும் சென்ற அதனை அவர் கல்வியின்பால் திருப்பினார். 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி கண்டார். அடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கு அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். வானம் பார்த்த பூமிக்கு அறிவியல் வந்து சேர்ந்தது. தாம் வாழ்ந்த இல்லத்தையும் பெண்கல்விக்கு அளித்தவர், 1957-இல் ஐம்பதை எட்டாமலே மறைந்தார். சட்டம் வலியுறுத்தும் 2 விழுக்காட்டுச் சமூகப் பங்களிப்பையே சுமையெனக் கருதும் நிறுவனங்கள் இன்றும் உள்ளன. எந்தச் சட்டமும் கேளாமல் அவர் இட்ட முதலின் பயனை, முதல் தலைமுறைப் பட்டதாரிகளாய் நம் குடும்பங்கள் பெற்றன.