அறிவியலுக்கு வாயில் திறந்த விக்ரம் சாராபாய்

விக்ரம் சாராபாய் என்றவுடன் ஏவூர்தியும் துணைக்கோளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுக்கூடத்து அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்க அவர் ஆற்றிய தொண்டோ நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆசிரியப் பயிற்சியில் ஆண்டுகள் பல கழித்த நாம் அத்தொண்டையே பெரிதெனக் கருதுகிறோம்.

1919 ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில், நெசவாலைத் தொழில் நடத்திய சமணக் குடும்பத்தில் அம்பாலால், சரளாதேவி இணையருக்கு அவர் பிறந்தார். அன்னையார் தம் மக்களுக்கென வீட்டிலேயே மாண்டிசோரி முறைப் பள்ளி ஒன்றை நடத்தினார். பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்ற விக்ரம், உலகப் போர் மூளவே தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

ஆய்வறிஞர்கள் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் கலந்து பழக வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன் பயனாக 1960களில் அந்நகரில் சமுதாய அறிவியல் மையம் தோன்றியது. பிள்ளைகள் தாமே சோதனை செய்து பார்க்கவும், ஆசிரியர்கள் புதிய முறைகளைப் பழகவும் அது இடமளித்தது. 1968 டிசம்பரில் அதன் அடிக்கல் நாட்டு விழாவில் இராமன் அவர்கள், வானம் நீலமாகத் தோன்றுவதன் காரணத்தை விளக்கி உரையாற்றினார்.

1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் சாராபாய் தம் 52ஆம் வயதில் மறைந்தார். அவர் வகுத்த திட்டமோ தொடர்ந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் துணைக்கோள் வழித் தொலைக்காட்சி கல்வி பரப்பியது. நம் அண்டை மாநிலமான கருநாடகமும் அவற்றுள் ஒன்று. காலையில் பள்ளி மாணவர்க்கும், மாலையில் உழவர் முதலிய பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள் அமைந்தன.

இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையைக் காட்டுகிறது. குந்தாரப்பள்ளிப் பிள்ளைகள் ஓசூர் ஆலைகளுக்குச் செல்லும் ஊர்திகளை நாள்தோறும் காண்கின்றனர். அவ்வாலைகளில் இயங்கும் பொறிகளின் தத்துவத்தை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்பவர் எத்தனை பேர்? ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் கல்லூரிகள், சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்று சோதனை செய்து காட்டும் பேராசிரியரின் உழைப்பையும் தகுதியாகக் கொள்ளவேண்டும். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களோடு உறவு கொள்ளவேண்டும்.

நான்கு தானங்களுள் சாத்திர தானத்தையும் ஒன்றாகப் போற்றுபவர் நாம். நம் இல்லங்களில் பொறியாளரும் பேராசிரியரும் பலர் உளர். திங்களுக்கு ஒரு நாளேனும் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று தாம் கற்றதை அவர்கள் பகிர்வாராக.