முன்சீப் வேலையும் திருப்புகழும்: வ.த.சுப்பிரமணிய பிள்ளை

முருகா சரணம்!

போன தைப்பூசத்துக்கு அம்மா திருத்தணிக்குக் கூப்பிட்டாங்க. "ரிலீஸ் இருக்கும்மா, அடுத்த தடவை பார்க்கலாம்"னு சொன்னேன். மூணாவது வருஷமா அதே பதில். அம்மா ஒண்ணும் சொல்லல. பக்கத்து வீட்டு அக்காகூட போயிட்டு வந்து, விபூதிப் பொட்டலத்தை என் லேப்டாப் மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி வேலையை விட்டுடலாமான்னுகூட யோசிச்சேன். அப்போ நினைவுக்கு வந்தவர்தான் வடக்குப்பட்டு த.சுப்பிரமணிய பிள்ளை. இன்னைக்கு நம்ம போன்ல திருப்புகழ் ஒலிக்குதுன்னா, அதுக்குப் பின்னாடி இவரோட உழைப்பு இருக்கு.

1846-ல் பிறந்தவர், செங்கல்பட்டுப் பக்கத்து வடக்குப்பட்டு ஊர்க்காரர். துறவி இல்லை, மடாதிபதியும் இல்லை. ஆங்கிலேயர் காலத்து நீதித்துறையில் வேலை பார்த்து, மாவட்ட முன்சீப்பா உயர்ந்தவர். குடும்பம், குழந்தைகள், கோர்ட்டு, கட்டுக்கட்டா வழக்குத் தாள்கள்னு நம்மளைப் போலவே ஓடிக்கிட்டிருந்த மனுஷர்.

1871-ல் வேலை விஷயமா சிதம்பரம் போனார். அங்கே ஒரு வழக்கில் தில்லை தீட்சிதர்கள் தங்கள் தரப்புக்குச் சான்றா ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்டினாங்க. கோர்ட்டுக்கு அது ஒரு ஆதாரம். இவருக்கோ அந்தச் சந்தமும் சொல்லழகும் மனசுக்குள்ள போய் உக்கார்ந்துடுச்சு. அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாட்டு பாடினார்னு மரபு சொல்லுது. அப்போ மத்தப் பாட்டெல்லாம் எங்கேன்னு தேடக் கிளம்பினார்.

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் பாட்டுகள் ஓலைச்சுவடிகளா ஊர் ஊரா சிதறிக் கிடந்தன. செல்லரிச்ச சுவடி, எழுத்து மங்கின சுவடி, ஒரே பாட்டுக்கு வேற வேற பாடம். ஒண்ணோடு ஒண்ணு ஒப்பிட்டுத்தான் சரியான வரியைக் கண்டுபிடிக்கணும். நாம ஒரு மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தாலே தலையில கை வெப்போம். அவர் அதை கையாலயே, பாட்டுப் பாட்டா செஞ்சார்.

கவனிங்க, இதுக்காக அவர் உத்தியோகத்தை விடல. தீர்ப்பு எழுதுற வேலை ஒரு பக்கம், சுவடி தேடுற வேலை இன்னொரு பக்கம். முதல் பாகம் அச்சாகி வந்தது 1890களின் நடுவில். அதாவது சிதம்பரத்துல விழுந்த விதை முளைக்க 20 வருஷத்துக்கு மேல ஆச்சு! இரண்டாம் பாகம் 1900களின் தொடக்கத்தில் வந்தது. 1909-ல் முருகன் திருவடி சேர்ந்தார்.

கதை அங்கே முடியல. அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளையும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான், பதிவுத் துறையில். அப்பா விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தார். பதிப்பைத் திருத்தினார், அருணகிரிநாதர் நூல்களுக்கு உரை எழுதினார். அந்தப் பெரிய உரை வந்தது 1950களில், அவருக்கு எழுபது வயசு ஆகுற சமயத்துல. தணிகைமணின்னு உலகம் கொண்டாடினது இவரைத்தான். பதினாறாயிரத்துல இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கறது சுமார் 1,300 பாட்டு.

பிள்ளை எத்தனை வழக்குக்குத் தீர்ப்பு சொன்னார்னு இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனா அந்தச் சம்பளம்தான் குடும்பத்தைக் காப்பாத்துச்சு, அந்த வேலைதான் அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. அதனால வேலையை நான் குறை சொல்லப் போறதில்லை. "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், அப்புறம் முருகனைப் பார்க்கலாம்"னு நான் தள்ளிப்போட்டேனே, அதுதான் தப்பு. அவர் காத்திருந்தா, அந்தச் சுவடிகள்ல எத்தனை செல்லுக்குப் போயிருக்குமோ!

நான் வேலையை விடல. காலையில ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம், போனைக் கவுத்து வெச்சுட்டு, ஒரே ஒரு திருப்புகழ் படிக்கிறேன். நாக்கு இன்னும் தடுமாறுது. சமையல்கட்டுல இருந்து அம்மா திருத்துறாங்க.

வர்ற ஆடிக் கிருத்திகைக்கு லீவு இப்பவே போட்டாச்சு. இந்தத் தடவை அம்மாகூட நானும் படி ஏறப்போறேன்.

வேலும் மயிலும் துணை. தணிகை முருகனுக்கு அரோகரா!