சட்டக் கல்விக்கு வழி திறந்த கொர்னேலியா சொராப்ஜி

நம் மறைமலை நகரில் கோடை வெயில் உச்சிக்கு ஏறும் நாள்களில்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வருகின்றன. அதன்பின் வீட்டுக்கு வீடு விண்ணப்பப் பேச்சுத்தான். சட்டம் பயில விரும்பும் நம் அக்காமார் சிலர் செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரியை நாடுகின்றனர். கடல் கடந்து படிக்க ஆசைப்படுவோரும் உண்டு. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்ற புள்ளி விவரங்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இன்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்த எண்களைப் பார்த்து நெஞ்சம் படபடக்கும் மாணவியர்க்கு நாம் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். 1889ஆம் ஆண்டில் இப்படியொரு பட்டியல் எழுதப்பட்டிருந்தால், அங்கே சட்டம் பயில வந்த பெண்கள் என்னும் வரிசையில் ஒன்று என்றே இருந்திருக்கும். அந்த ஒருவர் நம் நாட்டுப் பெண். அவர்தாம் கொர்னேலியா சொராப்ஜி அம்மையார்.

அம்மையார் 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நாசிக் நகரில் பிறந்தார். தந்தையார் பார்சி குலத்தில் தோன்றிக் கிறிஸ்தவ மறையைத் தழுவியவர். தாயார் பிரான்சினா பூனா நகரில் பள்ளி நிறுவிக் கல்விப் பணி ஆற்றியவர். கொர்னேலியா சிறுமியாக இருந்தபோது, தாயாரைத் தேடி விதவைப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனே அதை ஏமாற்றிப் பறித்துவிட்டான். அவளுக்காகப் பேச ஆளில்லை. சட்டம் தெரிந்தால் இத்தகையோருக்கு உதவலாம் என்ற எண்ணம் அன்றே அந்தப் பிஞ்சு உள்ளத்தில் வேரூன்றியது.

பூனா டெக்கான் கல்லூரியில் சேர்ந்தபோது ஆண் மாணவர் நடுவே அவர் ஒருவரே பெண். அவர் உள்ளே வராதபடி வகுப்புக் கதவை முகத்துக்கு நேரே அறைந்து சாத்திய மாணவர்களும் இருந்தார்கள். அவரோ மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியாக, முதல் வகுப்பில் தேறினார். தேர்வில் முதன்மை பெற்றவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்க உதவித்தொகை உண்டு. அந்த இடத்தை அவர் பெற்றும், பெண் என்ற ஒரே காரணத்தால் பணம் மறுக்கப்பட்டது.

மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்காமற் போனால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மதிப்பெண் இருந்தும் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? கொர்னேலியா அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். இங்கிலாந்தில் இருந்த நண்பர்களுக்குச் செய்தி எட்டியது. ஹாப்ஹவுஸ் சீமாட்டியார் முன்னின்று பணம் திரட்டினார். உதவியவர்களுள் செவிலியர் குலத்தின் விளக்காகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர். அரசாங்கம் மறுத்ததை அன்புள்ளம் கொண்டோர் அளித்தனர்.

1889இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் அவர் சேர்ந்தார். பெண்களுக்கென்று 1879இல் பன்னிரண்டு மாணவியருடன் தொடங்கிய கல்லூரி அது. பிரிட்டனின் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்ற முதல் இந்தியப் பெண்ணும், ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்ணும் அவரே. பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவருக்குத் தந்தை போல் துணை நின்றார்.

ஆயினும் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று பொருளன்று. 1892இல் பி.சி.எல். என்னும் சட்டத் தேர்வு வந்தபோது, ஆண்களோடு ஒரு பெண் அமர்ந்து எழுதலாமா என்ற கேள்வி எழுந்தது. பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிய பின்னரே அவர் தேர்வு மண்டபத்தில் நுழைய முடிந்தது. தேர்ச்சி பெற்றார், கிடைத்தது மூன்றாம் வகுப்பு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புப் பெற்றவரைத்தான் உலகம் இன்றும் நினைவு கூர்கிறது. பட்டமோ கைக்கு வரவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு இசைந்தது 1920இல்தான். தேர்வெழுதி முப்பது ஆண்டுகள் கழித்து, 1922இல் அவர் தம் பட்டத்தைப் பெற்றார்!

இடைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? 1894இல் தாயகம் திரும்பினார். 1897இல் பம்பாயில் எல்.எல்.பி. தேர்வும், 1899இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்வும் எழுதித் தேறினார். அப்போதும் நீதிமன்றத்தில் வாதாட உரிமை தரப்படவில்லை. அவரோ தமக்கென வேறொரு வாயிலைக் கண்டார். அந்நாளில் கோஷா முறையில் வாழ்ந்த செல்வக் குடும்பப் பெண்கள் பலர் பெருஞ்சொத்துக்கு உரியவர்களாக இருந்தும், அயல் ஆடவரைக் காணக்கூடாது என்ற வழக்கத்தால் எந்த வக்கீலிடமும் முறையிட இயலாமல் தவித்தனர். காரியம் பார்ப்போர் வைத்ததே சட்டம். பெண் வக்கீல் ஒருவரால்தான் அந்தத் திரைக்குள் செல்ல முடியும் என்று அரசாங்கத்திடம் அவர் விடாமல் எடுத்துரைத்தார். 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் அமைப்பில் பெண் உதவியாளராக நியமிக்கப்பட்டார். வங்காளம், பீகார், ஒரிசா, அஸ்ஸாம் எனப் பயணம் செய்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், அனாதைக் குழந்தைகளின் உரிமையைக் காத்தார். தாயாரைத் தேடி வந்த அந்த விதவையை அவர் மறக்கவே இல்லை.

1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1923இல் இந்தியா முழுவதும் பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை எனச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே லண்டன் லிங்கன்ஸ் இன் அமைப்பில் அவர் பாரிஸ்டரும் ஆனார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. சில ஆண்டுகள் கல்கத்தாவில் தொழில் செய்து, 1929இல் ஓய்வு பெற்றார். லண்டனில் வாழ்ந்து, 1954ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் காலமானார்.

அம்மையாரின் எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆங்கில ஆட்சியை ஆதரித்தார். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார். அதனால் நாட்டு மக்களின் அன்பை இழந்து, நெடுங்காலம் மறக்கப்பட்டும் கிடந்தார். பெரியோரிடமும் குறை உண்டு. குறையைக் குறையென்று சொல்லி, நிறையை நன்றியோடு ஏற்பதே முறை.

அவர் திறந்த வாயில் மூடவில்லை. 1929இல் ஆனந்தா பாய் அம்மையார் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் வக்கீலாகப் பதிவு பெற்றார். 1989இல் பாத்திமா பீவி அம்மையார் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் நம் மாநில ஆளுநராகவும் விளங்கினார். லிங்கன்ஸ் இன்னில் 2012 முதல் கொர்னேலியாவின் மார்பளவுச் சிலை நிற்கிறது.

அன்பு மாணவியரே! விண்ணப்பம் நிரப்பும் நாளில் முந்தைய ஆண்டுகளின் எண்களைப் பாருங்கள், பார்ப்பது நல்லது. ஆனால் அவற்றைக் கண்டு அஞ்சிப் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள். பெற்றோரே! உங்கள் மகள் சட்டம் படிக்க விரும்பினால், பெண்ணுக்கு எதற்கு அந்தத் தொழில் என்று சொல்லுமுன், திரைக்குப் பின்னால் பேச ஆளின்றி நின்ற அந்த அறுநூறு பேரைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.