ஒலாடா இக்குவியானோ: அடிமை வணிகத்தின் சாட்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரித்தானிய அட்லாண்டிக் வணிகத்தில் விலைப்பொருளாக இருந்து, பின்னர் அவ்வணிகத்திற்கு எதிரான சாட்சியாக நின்றவர் ஒலாடா இக்குவியானோ. அவருடைய தன்வரலாற்றின்படி, 1745-இல் இன்றைய நைஜீரியாவின் இக்போ மக்களிடையே பிறந்து, சிறுவயதிலேயே கடத்தப்பட்டார். கடற்படை அதிகாரி மைக்கேல் பாஸ்கல் அவரை விலைக்கு வாங்கிக் குஸ்டாவஸ் வாசா எனப் பெயரிட்டார். ஏழாண்டுப் போரில் பிரித்தானியக் கப்பல்களில் பணியாற்றியும் விடுதலை கிட்டவில்லை, மீண்டும் விற்கப்பட்டார். மான்செராட் வணிகர் ராபர்ட் கிங்கிடம் இருந்தபோது, சிறுவணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1766-இல் 40 பவுண்டு செலுத்தித் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார்.

1781-இல் சோங் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட அடிமைகள் கடலில் எறியப்பட்டனர். கப்பல் உரிமையாளர்கள் அவர்களுக்குக் காப்பீட்டுத் தொகை கோரினர். இதனை 1783-இல் கிரான்வில் ஷார்ப்பின் கவனத்திற்குக் கொண்டுசென்றவர் இக்குவியானோவே. 1789-இல் வெளிவந்த தன்வரலாறு அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள் கண்டது.

1759-ஆம் ஆண்டின் திருமுழுக்குப் பதிவேடு அவர் பிறப்பிடத்தைக் கரோலினா எனக் குறிப்பதால், நூலின் ஆப்பிரிக்கப் பகுதி ஆய்வுலகில் ஐயத்திற்கு உள்ளானது. எனினும், அடிமைநிலையிலிருந்த சிறுவனைப் பற்றிப் பிறர் எழுதிய பதிவை அவனது சொல்லினும் வலிய சான்றாகக் கொள்ளலாமா என்பது எண்ணத்தக்கது. அவர் விற்கப்பட்டதும் விடுதலை பெற்றதும் பிறப்பிட விவாதத்தால் மாறுவன அல்ல.

1797-இல் இக்குவியானோ மறைந்தார். அடிமை வணிகத் தடைச்சட்டம் 1807-இல்தான் நிறைவேறியது. 1833-ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்களித்தது. தமிழகம் உள்ளிட்ட அப்பகுதிகள் 1843-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குக் காத்திருக்க நேர்ந்தது.